பள்ளத்துக்குள் ஒரு மஞ்சள் குடை

ஜூன் 2, திங்கள்
இன்று முதல் நகராட்சியின் அறிவிப்புகளும் கூட்ட வீடியோக்களும் எங்கள் சொந்த சமூக ஊடக சர்வரில். பழைய தளத்தில் அதை நடத்தும் கம்பெனி வைத்ததுதான் சட்டம். குடிநீர் அறிவிப்புக்கு மேலேயே செருப்பு விளம்பரம் வரும். இது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள். வேறு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கிருந்தே எங்களோடு பேசலாம், மின்னஞ்சல் மாதிரி. பதில் எழுதுவது நான். கமிஷனர் தாமாகவே ஒரு விதி சேர்த்தார்: யாருடைய கணக்கைத் தடுத்தாலும் பெயரையும் காரணத்தையும் பொதுவில் போட வேண்டும். எல்லாரும் கை தட்டினோம்.

ஜூன் 5
முதல் புகார். வேறொரு சர்வரிலிருந்து, ‘பாதசாரி’ என்ற பெயரில். நூலகத்துக்கு எதிரே சாக்கடைக்கு மூடி இல்லை. ஆழம் தெரிவதற்காகப் பள்ளத்துக்குள் ஒரு குடையை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். மஞ்சள் குடை, ஒரு கம்பி வளைந்தது.

எங்கள் வீட்டுக் குடை. மாமாவேதான்.

சாயங்காலம் வீட்டிலிருந்தே பதில் போட்டேன்: “பொறியியல் பிரிவுக்கு அனுப்பியுள்ளோம், ஐயா.” பக்கத்து அறையில் மாமனாரின் போன் ‘டிங்’ என்றது.

ஜூன் 13
தினமும் குடை, தினமும் ஒரு வரி. இன்றைக்கு: “குடை நீச்சல் பழகிவிட்டது.” ஊரே பகிர்கிறது. பொறியியல் பிரிவைக் கேட்டால், “மூடி வந்துட்டே இருக்கு மேடம்.” எங்கிருந்து நடந்து வருகிறதோ.

இவரிடம் சொன்னேன். “வீட்டுல ‘ம்’னு ஒரு வார்த்தை. வெளியில இவ்வளவு பேச்சா அப்பாவுக்கு?” என்று ஒரே சிரிப்பு. மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். எழுதுவது நான் என்று தெரிந்தால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்.

ஜூன் 17
கமிஷனர் கூப்பிட்டார். கூட்ட வீடியோவுக்குக் கீழேயும் முதல் பதில் குடைதானாம்.

“அந்தக் குடைக்காரரத் தூக்கிடுங்கம்மா.”

“அவர் நம்ம சர்வர்ல இல்ல சார். அவர் எழுதுறது இங்க தெரியாம நாம கண்ண மூடிக்கலாம், அவ்வளவுதான்.”

“அப்ப மூடிக்குவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“காரணம் என்ன சார் போடுறது? விதி இருக்கே.”

“நீங்களே யோசிங்க.”

என்னத்த யோசிக்கிறது? மனுஷன் தப்பா ஒரு வார்த்தை எழுதியிருக்காரா? மாமாவ நானே ஊருக்கு முன்னாடி தடுத்துட்டு, எந்த மூஞ்சியோட அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறது?

ஜூன் 19
“காரணம்: குடை” என்று எழுதினேன். அழித்தேன்.

ஜூன் 20, வெள்ளி
மழை. கதவோரம் மாட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். கமிஷனர் அறை வாசலில் மடக்கும்போதுதான் பார்த்தேன் — மஞ்சள். வளைந்த கம்பி.

அவரும் பார்த்தார். “இந்தக் குடைய எங்கயோ பாத்திருக்கேனே.”

“எங்க மாமனாரோடது சார்.”

வளைந்த கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொந்தக்காரருக்குச் சலுகை கேக்குறேன்னு நினைப்பீங்க. ஆனா காரணம்தான் இன்னும் கிடைக்கல சார்.”

குடையை வாங்கிக்கொண்டு அவரே நூலகம் வரை நடந்து போனார். திரும்பியபோது ஒரு கால் முழங்கால் வரை சேறு. “ஆழந்தான்” என்றார். பிறகு பொறியாளருக்குப் போன் போட்டார். மாடி வரை கேட்டது.

தடுக்கும் பேச்சை எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூன் 21
மூடி போட்டாயிற்று. பாதசாரியின் படத்தில் மூடிக்கு மேல் விரித்த குடை. “நன்றி. லேசாக ஆடுகிறது.”

ஜூன் 23
சாப்பிடும்போது மாமா தாமாகவே வாய் திறந்தார்.

“உங்க ஆபீஸ்ல அந்தப் பதில் எழுதுறது யாரும்மா? ஒரு நாள்கூட முகம் சுளிக்கல.”

இவர் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டார்.

“யாரோ புதுசா வந்திருக்காங்க மாமா.”

“பாவம், நல்ல மனுஷி” என்றவர் கை கழுவிவிட்டுக் குடையை எடுத்தார்.

பஸ் நிறுத்தத்துக் கூரை ஒழுகுகிறதாம்.