அலசிக் கொடுத்த பிரஷ்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசை. அத்தைக்கு ஏதோ சின்னச் சிகிச்சை என்று அப்பா போனில் அரைகுறையாகச் சொன்னதும் கலங்கிப் போயிருப்பாய், அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸுக்குப் புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது, அதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை. ஒருவரிடமிருந்து வரும் மாதிரியையே இரண்டு சோதனையிலும் போட்டு, வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று எது சரியாகச் சொல்கிறது எனப் பார்க்கிறோம். வீட்டிலேயே சின்னப் பிரஷ்ஷால் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும் என்பதால், டாக்டர் என்றாலே நழுவும் உன் அத்தையையும் நச்சரித்துச் சேர்த்துவிட்டேன். எங்களுக்கு எண் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. ஓர் எண்ணுக்குப் பழைய சோதனை வைரஸ் இல்லை என்றது, புதியதோ மாதிரியில் மனித செல்லே இல்லை, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று கைவிரித்தது. மெஷின் கோளாறு என்றே நினைத்தோம். அந்த வாரமே அத்தை போன் செய்து, "அண்ணி, திரும்ப எடுத்துத் தரச் சொல்றாங்க, நான் என்ன பரீட்சையிலயா ஃபெயிலானேன்?" என்று சண்டைக்கு வந்தாள். துருவிக் கேட்டால், "அழுக்கா குடுத்தா உங்க ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க? எடுத்த பிரஷ்ஷ சோப்புப் போட்டு அலசித்தான் குடுத்தேன்" என்கிறாள்! வயிறு வலிக்கச் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, பழையதை மட்டும் நம்பியிருந்தால் 'இல்லை' என்ற தாளோடு அவள் நிம்மதியாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அந்தச் சோதனையின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

மறுமுறை அலசாமல் கொடுத்ததில் வைரஸ் இருந்தது, அதுவும் பதினாறாம் வகை, இருப்பதிலேயே பொல்லாதது. தாளை என் மடியில் போட்டு அழுதாள். உடலுறவில் தொற்றுவது என்றதும், மாமா இது எங்கிருந்து வந்தது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சோதனை வகையைத்தான் சொல்லும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது, வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்று நான் விளக்கியதும் அடங்கி, அவரே கூட்டிக்கொண்டு போனார். லென்ஸ் வைத்துப் பார்த்த டாக்டர் சின்னத் திட்டு ஒன்றைக் கண்டு அகற்றிவிட்டார். புற்றாக மாறவில்லை என்று நேற்று முடிவு வந்தது. இனி அவ்வப்போது போய்க் காட்டினால் போதும்.

இந்த வைரஸுக்கான தடுப்பூசியில் உனக்கு மிச்சமிருக்கும் தவணையைத் தள்ளிப்போடாதே. இப்போது அத்தை கடைக்கு வருகிற பெண்களிடம் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதே, "சோதனை பண்ணியாச்சா, இல்லையா?" என்று கேட்கிறாளாம், பதில் சொல்லாமல் யாரும் டேப்பிலிருந்து தப்ப முடியாதாம்.

நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ்க, கண்ணே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா