காலை வண்டிக்கு முன்னால் ஒரு சரக்கு வண்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். நீ, மருமகள், குட்டி மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோபத்திலும் நினைத்துக்கொள்கிறேன். குட்டிக்குச் சளி விட்டதா? ஃபேனை நேராக அவன் மேல் விடாதே என்று எத்தனை முறை சொல்வது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே "சரிம்மா, விடும்மா" என்று அடைத்துவிடுகிறாய், இதிலாவது நான் சொல்லி முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது.

முந்தாநாள் சொன்னாயே, "அப்பா சொன்னதையே நீயும் சொல்லிடும்மா, நான் அங்க இல்லவே இல்லன்னு இருந்துட்டுப் போ, உனக்கெதுக்கு ஊர் வம்பு" என்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. ஊர் வம்பா? உனக்கு விஷயத்தைச் சொன்னது அப்பாதானே, அவருக்கு வேண்டியதை மட்டும் சொல்லியிருப்பார், மீதியை நான் சொல்கிறேன் கேள். ஆற்றுப் பாலத்துக்கு அப்புறம் இங்கே ஒற்றைத் தண்டவாளம்தான், ஒரு வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்ததை விடுவார்கள், அது உனக்கே தெரியும். நீ இருந்தபோது சரக்கு வண்டியெல்லாம் ராத்திரியில்தான் போகும். இப்போது சிமெண்ட் ஆலைக்காரர்களுக்குக் காலையிலேயே மூட்டை துறைமுகம் போய்ச் சேர வேண்டுமாம், உடனே நேரத்தை மாற்றிவிட்டார்கள். நாங்கள் வேலைக்குப் போகிற வண்டியைப் பிளாட்பாரத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் பக்கத்து லைனிலிருந்து சரக்கை முன்னால் விடுகிறார்கள். அது பாலத்தில் ஊர்ந்து, மேட்டில் முக்கி முனகி ஏறி, அடுத்த ஸ்டேஷனைப் பிடிக்கும் வரை நாங்கள் வேர்த்து வழிய உட்கார்ந்திருக்க வேண்டும், மூட்டைக்கு இருக்கிற அவசரம் மனுஷனுக்கு இல்லையாம். ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டால் "மேலேர்ந்து போட்டு அனுப்பற நேரம், நான் என்னம்மா பண்ணட்டும்" என்கிறார். மனு கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாங்கள் போய்த் துணியை மடித்து அனுப்பினால்தான் ஆபரேஷன் அறையில் வேலை ஆரம்பிக்கும், லேட்டானால் ஒரு நோயாளி வெறும் வயிற்றோடு மேஜையில் காத்துக் கிடப்பார். எங்கள் சூப்பர்வைசருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம், வாசலில் மாட்டியிருக்கிற கடிகாரத்துக்குக் கீழேயே நின்றுதான் எங்களை வரவேற்பார். ரயில் லேட் என்றால் "அப்ப சம்பளத்தையும் ரயில்கிட்டயே வாங்கிக்குங்க" என்பார். எங்களோடு கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், தையல்காரி என்போம். புருஷன் இல்லை, மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் லேட்டாக வந்தால் வராமலே இருந்துவிடு என்று அவளிடம் கடிகாரம் சொல்லியாகிவிட்டது.

போன வாரம் ஒரு நாள் மறுபடியும் எங்களை உட்கார வைத்துவிட்டுச் சரக்கு வண்டிக்குப் பச்சை போட்டார்கள். தையல்காரி பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, "வாங்கடி, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்" என்று நான்தான் முதலில் சரக்கு வண்டிக்கு எதிரே தண்டவாளத்தில் இறங்கினேன், பெட்டியிலிருந்த பெண்களெல்லாம் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். பதறாதே, சரக்கு வண்டி அப்போது நின்றபடிதான் இருந்தது, ஹாரன் மட்டும் அடித்தது. இத்தனை வருஷம் எஞ்சின் டிரைவரோடு குடித்தனம் செய்தவளுக்கு ஒரு விஷயம் தெரியாதா, சிவப்பாக எதைக் காட்டினாலும் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது, காட்டியது யார் எவர் என்று ஆராய்ச்சி பண்ணக் கூடாது. தையல்காரியின் பையில் யார் வீட்டுக்கோ தைத்து முடித்த சிவப்புத் திரைச்சீலை இருந்தது. "அத எடுத்துக் காட்டுடி" என்று நான்தான் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தாள்.

எஞ்சின் ஜன்னலில் தலையை நீட்டியது யார் தெரியுமா, உன் அப்பா. வேறு பக்கம் போக வேண்டியவர், யாரோ லீவு போட்டார்கள் என்று அவரை அந்த வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். காலையில் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் எதிரே நிற்கிறேன், என்னை நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு "வழிய விடுங்கம்மா, நகருங்கம்மா" என்றார். நானா நகருவேன்? கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே ஓடி வந்து எங்கள் வண்டியை முன்னால் விட்டார், பெட்டியில் எல்லோரும் கை தட்டினார்கள், தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாளே ரயில்வே போலீஸ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனது. யாரோ எடுத்த போட்டோவில் அவள் முகம் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது, நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிறேன், என் செருப்புதான் தெரிகிறது. சிவப்பு காட்டி ரயிலை நிறுத்தினாள் என்று அவள் ஒருத்தி மேல் கேஸ். கூட நின்றவர்களில் யாரையாவது தெரியுமா என்று அதிகாரி அப்பாவைக் கேட்டிருக்கிறார், இவர் "யாரையும் தெரியாது சார், முன்னபின்ன பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்து என்னிடமே பெருமையாகச் சொல்கிறார். இவருக்குப் பிள்ளை பெற்று, இவர் துணியில் படிந்த கரியைத் துவைத்துத் துவைத்து என் கை காய்த்துப் போய்விட்டது, முன்னபின்ன பார்த்ததில்லையாம்!

"உன்னக் காப்பாத்தத்தான்டி சொன்னேன், இப்ப நீ போய் நின்னா நான் பொய் சொன்னது வெளிய வந்துடும், ரிட்டயர் ஆகற நேரத்துல வேலை போயிடும்" என்கிறார். அது நிஜம்தான், அதை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை, நான் ஒன்றும் கல் இல்லை. ஆனால் ஜாமீனில் வீட்டுக்கு வந்திருந்த தையல்காரியைப் பார்க்கப் போனேன். சொல்லிக் கொடுத்தது யார் என்று துருவித் துருவிக் கேட்டும் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். கடிகாரம் அவளை வேலையை விட்டும் நிறுத்திவிட்டது. என்னைப் பார்த்ததும் உள்ளேகூடக் கூப்பிடவில்லை, "யாராவது பாத்துடப் போறாங்க, சீக்கிரம் போயிடுங்கக்கா" என்று கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். இதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், என்னைப் பெரிய பேச்சுக்காரி என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

நாளைக் காலை அவளுக்கு விசாரணை. நான் போகிறேன், சொன்னது நான், பிடித்தது மட்டும்தான் அவள் என்று சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் யோசனை சொல்கிற வேலையை விட்டுவிடு. நேற்று அப்பாவிடம் சொன்னேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்று, "நாளைக்கு அந்த வண்டிய நம்பாத, முன்னால சரக்கு விடறாங்க. பஸ்ல போயிடலாம், நானும் வர்றேன், நான் சொன்ன பொய்ய நானே போய்த் திருத்திக்கறேன்" என்றார். சரி என்று மட்டும் சொன்னேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அன்றைக்கே சொல்ல வேண்டிய வார்த்தையை இத்தனை நாள் வயிற்றெரிச்சலுக்கு அப்புறம் சொல்கிறார்.

மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குட்டியை ஈரத் தலையோடு தூங்க விடாதே. மருமகளிடம் இதைப் படித்துக் காட்டு, மறைக்காதே. இங்கிருந்து யாராவது அந்தப் போட்டோவை உனக்கு அனுப்பி, திரைச்சீலைக்குப் பின்னால் செருப்பு மட்டும் தெரிகிறதே, இது யாராவது தெரிந்தவர்களா என்று கேட்டால், நீயாவது தயங்காமல் சொல், எங்கள் அம்மா என்று.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா