குடிமகன் ஓட்டும் வேன்

மார்ச் 3, செவ்வாய்

பெட்ரோல், டீசல் மானியம் இன்று முதல் கிடையாதாம். பள்ளி வேன் ஓட்டுகிற என்னிடம் பெட்ரோல் பங்க்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆனால் ஒன்று. வேன் போகும் வழியில் மூன்று கார் வைத்திருக்கும் அந்த வீட்டுக்கும் என் வேனுக்கும் ஒரே சலுகை கொடுத்தது மட்டும் என்ன நியாயம்?

மார்ச் 5, வியாழன்

தலைமையாசிரியை கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே கெட்ட செய்தி என்று அர்த்தம். வேன் பாதி காலியாக ஓடுகிறது, இனி கல்குவாரி வரை போவது கட்டுப்படியாகாது, இந்த மாதத்தோடு அந்த ஸ்டாப்பை எடுத்துவிடலாம் என்றார். அங்கே ஏறுவது ஐந்து பிள்ளைகள். லாரி பறக்கிற ரோட்டுல ஏழு கிலோமீட்டர் எப்படி நடக்குங்க அதுங்க? நடக்காது. படிப்பை நிறுத்திவிடும். வேறென்ன.

மார்ச் 6, வெள்ளி

பொறுக்கவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிட்டேன். மானியத்தை எடுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. மிச்சமாவதைப் பஸ்ஸுக்கும் பள்ளி வண்டிக்கும் திருப்பிக் கொடுங்கள் என்று. கல்குவாரிப் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

மார்ச் 11, புதன்

வந்துவிட்டது! கடிதத்தின் அடியில், நான் எழுதியபடியே, 'பள்ளி வேன் ஓட்டும் ஒரு குடிமகன்.' பெருமையாக மனைவியிடம் நீட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறவரு குடிமகன்னு போட்டா, குடிச்சிட்டு ஓட்டுறாருன்னுதானே படிப்பாங்க?"

அப்போதுதான் உறைத்தது. நாட்டின் குடிமகன் என்றல்லவா நினைத்து எழுதினேன்!

மார்ச் 12, வியாழன்

மறுபடியும் அதே நாற்காலி. கடிதத்தில் கல்குவாரி என்று பார்த்து நாலு பெற்றோர் போன் செய்து, நான் குடிக்கிறேனா என்று விசாரித்தார்களாம். வேண்டுமானால் ஊதிக் காட்டுகிறேன் மேடம் என்றேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 13, வெள்ளி

எல்லா வீட்டுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது. 'எங்கள் ஓட்டுநர் பொறுப்புள்ள குடிமகன், குடிப்பழக்கம் இல்லாதவர்.' கீழே சின்ன எழுத்தில், 'வேனில் பதினோரு இடம் காலி.' கெட்டிக்கார மேடம்.

மார்ச் 18, புதன்

மூன்று கார் வீட்டு அம்மாவே வாசலில் வேனை நிறுத்தினார். இனி மகனைக் காரில் விட்டுவரக் கட்டாதாம், வேனில் அனுப்புகிறாராம். மானியம் போனதில் எனக்கு ஆள் கிடைக்கிறது! இதை எந்தக் கணக்கில் திட்டுவது?

மார்ச் 27, வெள்ளி

இரண்டு இடம்தான் காலி. கல்குவாரி பற்றி மேடம் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் போய் ஞாபகம் வந்துவிட்டால்?

ஏப்ரல் 1, புதன்

அரசாங்கத்திடமிருந்து என் கடிதத்துக்குப் பதில் இல்லை. மேடத்திடமிருந்து நேற்று மாலை புதிய ரூட் தாள் வந்தது. கையில் வாங்கி, எப்போதும் கல்குவாரி இருக்கும் கடைசி வரியைப் பார்த்தேன். கல்குவாரி இல்லை. போச்சு, எல்லாம் போச்சு. பிறகு மேலேயிருந்து படித்தேன். முதல் வரியில் இருந்தது. தூரத்துப் பிள்ளைகள் முதலில் ஏறட்டும், ஜன்னலோரம் கிடைக்கும் என்று அவரே மாற்றியிருக்கிறார்.

இன்று காலை கல்குவாரியில் ஏறும்போது, ஐந்து பேரில் சின்னவள் படியிலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணே, குடிமகன்னா நீங்கதானா?"

"நீயுந்தான். ஏறும்மா."