யானையின் நெற்றியில் பச்சை மை

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் மூன்றாம் நாள். காலை ஒன்பதுக்கே தார் ரோடு இளகிவிட்டது. நூலக மாடியில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம், இன்று ஆரம்பம். வேண்டாத பொருளில் கைவேலை. பதினான்கு பேர் என்றார்கள், வந்தது பத்தொன்பது.

சேர்ந்தவை: தண்ணீர் பாட்டில், நூல் தீர்ந்த கோன், ஷூ பெட்டி அட்டை, உடைந்த குடை ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா, ஷமீம் ஆபா, தன் ஷூ கம்பெனியில் கேட்டு, ஒரு மூட்டை வெட்டுத் தோல் கொடுத்தார். பிரித்ததும் ஒரு பிள்ளைகூட மூக்கைப் பிடிக்கவில்லை. தோல் வாடையிலேயே வளர்ந்த ஆம்பூர்ப் பிள்ளைகள்.

யானை செய்கிறோம், அட்டை உடம்பின் மேல் தோல் ஒட்டி. ஷூ ஒட்டும் சொல்யூஷன் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம், வாடை தலைக்கு ஏறும். மைதா பசை காய்ச்சினேன். தோலில் சரியாக ஒட்டவே இல்லை. யானையின் காது மூன்று முறை விழுந்தது.

"சொல்யூஷன் இருந்தா ஒரே அமுக்குதான் டீச்சர்." இது ஒரு பையன். அவன் அப்பா ஷூ ஒட்டுகிறவர், பிள்ளை சொல்லத்தானே செய்யும். எரிச்சல். பால் வாங்க மறந்தேன்.

மே 7, புதன்

வெயில் இன்னும் ஜாஸ்தி. கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. யானை முடிந்தது, என் இடுப்பு உயரம். பிஸ்கட் தாளில் நெற்றிப்பட்டம், நூலால் கட்டினோம்.

எட்டு வயது தஸ்லிமா வேலை செய்யாமல் தோல் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடிந்துகொண்டேன்.

"எழுத்து இருக்குதான்னு பாக்குறேன் டீச்சர்."

என்ன பிள்ளையோ. விட்டுவிட்டேன்.

மே 8, வியாழன்

காலை ஏழு மணி. ஆபா வாசலில், முகத்தில் ரத்தமே இல்லை.

"வாணி, அந்த மூட்டைய இன்னா பண்ண?"

விஷயம் இதுதான். 'இந்த நிறம்தான் வேண்டும்' என்று ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தோல் துண்டு, உள்ளங்கை அளவு. அதோடு ஒப்பிட்டுத்தான் ஆபா தோலைப் பாஸ் பண்ணுவார். பீரோவில் பூட்டி வைக்க வேண்டியது. அடிக்கடி எடுப்பது பேஜார் என்று ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொள்வாராம். பையில் இருந்த வெட்டுத் துண்டுகளை மூட்டையில் கொட்டியபோது அதுவும் போய்விட்டது. இரண்டு நாளாகப் பாஸ் பண்ணத் தோல் வரவில்லை, செக்கிங் என்றதும் நேற்று ராத்திரிதான் தேடினாராம்.

"பத்து மணிக்கு செக்கிங்குக்கு ஆள் வர்றாங்க. துண்டு இல்லன்னா என்னைய அனுப்பிடுவாங்க. பதினோரு வருஷம் வாணி."

நூலக மாடிக்கு ஓடினோம். மீதி மூட்டையைக் கொட்டிப் பார்த்தோம். எல்லாம் ஒரே பழுப்பு. எழுத்து எதிலும் இல்லை. ஆபா தரையில் உட்கார்ந்துவிட்டார். யானையை உரிப்பதைத் தவிர வழியில்லை என்று கத்தரியை எடுத்தேன். அப்போதுதான் தஸ்லிமா ஞாபகம் வந்தது. வீடு பின் தெருதான். பல்கூடத் துலக்காமல் வந்தாள்.

"எழுத்து இருந்துச்சுன்னா மிதிபடக் கூடாதுன்னு எங்க அம்மி சொல்லியிருக்காங்க. அதான் யானை கால்ல ஒட்டல."

"எங்கேடி ஒட்டினே?"

நெற்றிப்பட்டத்தைத் தூக்கிக் காட்டினாள். எழுத்து வெளியே தெரியும்படி, பச்சை மையில் கையெழுத்து.

நகத்தால் நெம்பியதும் துண்டு கையோடு வந்தது. சொல்யூஷனாக இருந்தால் கிழிந்திருக்கும். முன்பக்கப் பசையை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். ஆபா ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"அதே கலர்தான்."

அப்பாடா. இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தோம். தஸ்லிமாவிடம் நேற்றைய திட்டுக்கு மன்னிப்புக் கேட்டேன். "பசிக்குது டீச்சர்" என்றாள்.

பதினொன்றரைக்கு ஆபாவின் போன். "பாஸ் ஆயிடுச்சு வாணி. துண்டு இனிமே பீரோலதான்."

மே 9, வெள்ளி

கடைசி நாள். பெற்றோர் பார்க்க வந்தார்கள். யானையின் நெற்றியில் அந்த இடம் மட்டும் அட்டை தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆபா வந்தார். தஸ்லிமா ஒரு தோல் துண்டையும் பச்சைப் பேனாவையும் நீட்டினாள். ஆபா யானையை ஜன்னல் பக்கம் திருப்பி, முறைப்படி ஒரு சுற்றுப் பார்த்தார். 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெற்றியில் ஒட்டினோம்.

இடது காது மறுபடி விழுந்தது. விழட்டும்.