இன்னொன்றின் வால்

இதை யாருக்கும் காட்டிவிடாதே. இறந்துபோன உன்னிடம் இப்படிக் கெஞ்சுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. ஆனாலும் பயம். அறை முழுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் மணக்கிறது. என் அம்மா எழும்பிவிடக் கூடாது.

பாரிஸிலிருந்து உன் மாமா ஒரு டின் நிறைய டிரைலோபைட் துண்டுகள் அனுப்பினாரே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் ஊர்ந்து கல்லாகிப்போன உயிர்கள். ஒன்றுகூட முழுசில்லை. "மாமா அனுப்புற பிஸ்கட்டும் இப்பிடித்தான், எல்லாம் நொருங்கினது" என்றாய். நம் ஃபிளாட்டின் மொட்டைமாடியில், கீழே ரயில் போகப் போக, ஒவ்வொன்றையும் வெயிலில் சரித்துப் பார்ப்போம். ஈயின் கண்போல் புள்ளிபுள்ளியாகக் கண்கள் புடைத்திருந்த ஒரு தலையை பேகொப்ஸ் என்ற வகை என்று நீதான் கண்டுபிடித்தாய். நான் அதனோடு ஏதாவது வாலைச் சேர்த்துப் பார்த்தால் கையில் அடிப்பாய். "இல்லாததை நீயா ஒட்டாதையடி."

டெங்கு உன்னைக் கொண்டுபோனபின் டின் உன் அண்ணாவிடம். நாளை பள்ளிக்கூடக் கண்காட்சி. உன் பெயரில் அந்தத் தலையை வைக்கலாமா என்று கேட்க, பின்னேரம் மேல்மாடியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அவர் அதே தலையோடு முழு டிரைலோபைட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பார், முழுசா வந்திட்டுது."

வாலின் ஓரமெல்லாம் முள். பேகொப்ஸுக்கு வால் ஓரம் மழமழவென்றிருக்கும். இது வேறொன்றின் வால். எங்கே கிடைத்தது என்றேன். டின்னுக்குள்தான் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். விரலில் பசை காய்ந்திருந்தது. பரிசு உண்டா, நடுவர் யார் என்று வேறு விசாரித்தார். நடுவராகக் கம்பஸிலிருந்து வரும் விரிவுரையாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கள்ளம் உன் பெயரில்தான் நிற்கும்.

"எங்கட அம்மாவிட்ட ஒண்டும் கதைக்காத" என்றும் சொன்னார். அப்போதே சந்தேகம் உறுதியாகிவிட்டது. அவர் தேத்தண்ணி எடுக்கப் போனபோது அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிமூவரில் பஞ்சை நனைத்து ஒட்டில் வைத்து வைத்து எடுத்தேன். இப்போதுதான் கழன்றது. உன் தலைக்கு ஒரு கீறலும் இல்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம் மட்டும்தான், இதையாவது நான்

கதவைத் தட்டுகிறார்கள். உன் அண்ணாவின் குரல், மெதுவாக.

"தங்கச்சி, கோவமில்லை. அதைத் தா. எங்கட அம்மா அதைக் கையில வச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுறவ. உடைஞ்சு கிடந்ததைப் பார்த்து அழுதவ, அதுதான் நான் ஒட்டி"