நாவலுக்கு அழுதவள்

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். குடையை நேற்று ஜவுளிக் கடையிலேயே விட்டுவிட்டேன். குன்னத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் சீட். நூலகத்தில் எடுத்த போர் நாவல், பக். 140. முகாம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். குண்டு விழுந்துகொண்டே இருக்கிறது, அவள் கட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறாள். யார் செத்தாலும் அழுவதில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் எனக்கு அழுகை நிற்கவில்லை.

கண்டக்டர்: "என்னக்கா, வூட்ல எதுவும் கெட்ட சேதியா?"

"இல்லப்பா. கத."

அரியலூர் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடையில் சேலை விரிக்கும்போதும் கண் வீக்கம்தான்.

நவ. 12, புதன்
ஞாயிறு மாமியாருக்கு முதல் தெவசம். உளுந்து, வெல்லம், வாழையிலை. லிஸ்ட் போட நாத்தனார் ஜெயா பூலாம்பாடியிலிருந்து வந்தாள். அடுப்படியில் நான், புத்தகமும் ஈரக் கண்ணுமாக. என் காதுபடவே என் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "அம்மா செத்தப்ப அண்ணிக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. கதப் பொஸ்தவத்துக்கு அழுவுறாங்க பாருண்ணே."

அவர், வெல்லம் எத்தனை கிலோ என்று கேட்டார். அதுதான் சுட்டது.

உண்மைதான், அழவில்லை. அத்தை பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தார். துடைக்க, புரட்ட, புண்ணுக்கு மருந்து போட, கஞ்சி ஊட்ட. செத்த அன்றும் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டது நான். எப்போது அழுவது?

நவ. 13, வியாழன்
பீரோ மேல் வைத்த புத்தகத்தைக் காணோம்.

"நான்தான் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். "வூட்ல எதுக்கு வீண் பேச்சு?"

இன்னும் 46 பக்கம். சோறு போட்டேன்.

நவ. 14, வெள்ளி
நூலகம் லீவு. மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. நர்ஸ் பிழைப்பாளா?

நவ. 15, சனி
அரை நாள் லீவு போட்டேன். சூப்பர்வைசர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். புத்தகம் நூலகர் மேசையிலேயே இருந்தது.

"உங்க வூட்டுக்காரரு, படிச்சாச்சுன்னாரே?"

"படிக்கிறது நானுங்க."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முடித்தேன். சண்டை நின்ற மறுநாள் காலிக் கட்டில்களின் விரிப்புகளை மடிக்கிறாள். நாலாவது விரிப்புக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். நானும். சத்தமாக. பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும். அத்தையின் ரப்பர் ஷீட்டைக் கழுவி மடித்த நாள் கண்ணுக்குள் வந்தது. அத்தை, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நவ. 16, ஞாயிறு
தெவசம். பதினெட்டு இலை. வடை கொஞ்சம் எண்ணெய் குடித்துவிட்டது. பந்தியில் ஜெயா மறுபடியும்: "அண்ணிக்குக் கதன்னாதான் கண்ணீர் வரும்."

கரண்டியை வைத்தேன்.

"ஆமா ஜெயா. கதைக்குத்தான் அழுதேன், இன்னமும் அழுவேன். உங்கம்மாவப் பாத்துக்கிட்டப்ப எனக்கு அழ நேரமில்ல. நீ அழுதுட்டு பஸ் ஏறிட்ட. ஷீட்டக் கழுவி மடிச்சது நான்."

ஜெயா பாதியில் எழுந்தாள். அவர் அவள் பின்னால் போகவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்றார்.

உட்காரச் சொன்னேன். நேற்று மறுபடி என் பேரில் எடுத்து வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அழுகை வந்த இடத்திலும் நிறுத்தவில்லை.