மோட்டார் மேல் போட்ட பழி

வியாழன் இரவு, மூவார்.

கண்டுபிடித்துவிட்டேன்! தூக்கமே வரவில்லை.

மேசைப் பலகையில் துளை போடும் இயந்திரம் மூன்று நாளாக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைதான் துளைத்தது. மோட்டார் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். மெக்கானிக் கமால் அண்ணன் அதை இரண்டு முறை கழற்றி மாட்டினார். "மோட்டார்ல ஒன்னும் இல்லம்மா, உன் புரோகிராமப் பாரு லா" என்றார். எனக்குக் கோபம்.

இன்று மாலைதான் பார்த்தேன். வரிசை எண்ணை ஒன்று கூட்டும் i++ஐ sizeof-க்குள்ளும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். sizeof அளவை மட்டும் பார்க்கும், உள்ளே இருப்பதை இயக்காது என்றுதான் படித்திருந்தேன். இத்தனை நாள் அது சும்மாவே கிடந்தது. திங்களன்று வரிசையின் நீளத்தைப் பலகைக்கேற்ப மாறும்படி செய்தேன். நீளம் புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும் என்றால், உள்ளே இருப்பதும் இயங்குமாம்! எண் இரண்டிரண்டாகத் தாவியிருக்கிறது.

அந்தக் கூட்டலை எடுத்தேன். எல்லா வரிசையிலும் துளை! நான் போட்ட கூச்சலில் கமால் அண்ணன் ஓடி வந்தார்.

"அலமாக், மறுபடியும் மோட்டாரா?"

கையில் ஸ்பானர். மூன்றாவது முறையும் கழற்றத் தயாராக வந்திருக்கிறார், மனிதர்.